பொழுதுக்கு ஆடுவோரும் முனைந்து ஆடுவோரும்



தோட்டப் புறத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கேரம் பலகையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டு, வெயில் தணியும் நேரத்தில் லயத்து அஞ்சடிக்குப் பலகை வந்துவிடும். நான்கு பேர் உட்கார்ந்து ஆடுவார்கள். பதினான்கு பேர் நின்று யோசனை சொல்வார்கள். பெண்கள் பக்கம் தாயமும் பல்லாங்குழியும் நடக்கும். சிறுவர்கள் சிமெண்டுத் தரையில் கரியால் கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம் ஆடுவார்கள். அண்மைக் காலத்தில் பள்ளிக்கூடங்களின் வழியாகச் சதுரங்கமும் வீடுகளுக்குள் வந்திருக்கிறது.

இந்த ஆட்டக்காரர்களைக் கொஞ்ச நாள் கவனித்துப் பார்த்தால் அவர்களில் இரண்டு வகையினர் இருப்பது தெரியும். ஒருவருக்கு ஆட்டம் முடிந்தால் முடிந்ததுதான். காய்களைப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டே எழுந்து போய்விடுவார். மற்றவருக்கோ ஆட்டம் முடிந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. ‘அந்தக் காயை நான் ஏன் இடது மூலைக்கு அடித்தேன்? சிவப்பை முன்னதாகவே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ என்று படுக்கையில் புரண்டுகொண்டிருப்பார். முதலாமவரைப் பொழுதுக்கு ஆடுபவர் என்றும், இரண்டாமவரை முனைந்து ஆடுபவர் என்றும் வைத்துக்கொள்வோம். இவர்களுக்குள் வேறுபாடு எங்கே தொடங்குகிறது? ஆசையிலா, அறிவிலா, கையில் இருக்கும் நேரத்திலா? சரித்திரத்தைத் துணையாகக் கொண்டு இதைச் சிறிது ஆராய்வோம்.

திரௌபதையம்மன் திருவிழாக்களில் பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தருமர் நாட்டை இழந்த கதை நமக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு செய்தியை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தருமருக்குக் காய் உருட்டுவதில் ஆசை உண்டு, தேர்ச்சி கிடையாது. இதைத் துரியோதனனிடம் எடுத்துச் சொல்லி அவனுக்குத் தைரியம் ஊட்டுகிறவன் சகுனி. அவனோ அந்த வித்தையில் ஊறியவன். அவன் செய்த வஞ்சகம் ஒரு பக்கம் இருக்கட்டும். வஞ்சகம் செய்வதற்கும் ஆட்டத்தை அறிந்திருக்க வேண்டுமல்லவா? பின்னர் வன பருவத்தில், பிருகதசுவர் என்னும் முனிவர் நளன் கதையைச் சொல்லி முடித்ததும், காய் உருட்டும் சாத்திரத்தைத் தருமருக்குக் கற்பிக்கிறார். அதன் பிறகே தருமர் கங்கன் என்ற பெயரோடு விராட மன்னனின் அவையில் ஆட்டத் துணைவராகப் போய் அமர்கிறார். நாட்டை இழந்த பிறகு காட்டில் உட்கார்ந்து பாடம் படித்தவர் அவர். ஆசை வேறு, தேர்ச்சி வேறு என்பது நம் முன்னோருக்குப் புதிய செய்தியன்று.

தருமரைப் பற்றிப் பேசியதால் மூன்றாம் வகையினர் ஒருவரையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் பணம் வைத்து ஆடுபவர். திருவள்ளுவர் சூது என்று தனி அதிகாரமே வைத்தது அவரை நினைத்துத்தான். சம்பள நாளில் சீட்டுக் கட்டோடு உட்காருகிற அவருக்கு உண்மையில் ஆட்டத்தின் மேல் நாட்டம் இல்லை. பணத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் உட்கார மாட்டார். ஆனால் நம் பெற்றோர்களில் பலர் சீட்டுக் கட்டையும் கேரம் பலகையையும் சதுரங்கப் பெட்டியையும் ஒரே கம்பால் அடிக்கிறார்கள். வீட்டில் ஒரு சூதாடியால் பட்ட துன்பம் அவர்களை அப்படிச் செய்ய வைக்கிறது. அது புரிந்துகொள்ளக் கூடியதே. என்றாலும் அந்த அடியில் முனைந்து ஆடும் பிள்ளை ஒன்றும் சேர்ந்து அடிபடுகிறது.

இனிப் பொழுதுக்கு ஆடுபவரிடம் வருவோம். அவரைக் குறைவாக எண்ணுவது தவறு. ஆட்டங்களை நாடு விட்டு நாடு கொண்டு சேர்த்தவர் அவர்தாம். மலாய் மொழியில் சதுரங்கத்துக்குச் ‘சாத்துர்’ என்று பெயர். இது சதுரங்கம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. காய்களின் பெயர்களைக் கேளுங்கள். அரசனுக்கு ‘ராஜா’. அமைச்சனுக்கு ‘மந்திரி’. யானைக்குக் ‘காஜா’, கஜம் என்ற வடசொல் அது. மூலையில் நிற்கும் காய்க்கு மலாயில் ‘தீர்’ என்று பெயர். பழைய எழுத்துகளில் ‘தேர்’ என்றே இருக்கும். அது நம்முடைய தேர்தான் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். நால்வகைப் படையில் ஒன்றாகிய தேர் தமிழர் வாயிலிருந்து மலாய்க்காரர் வாய்க்குப் போயிருக்கிறது. அதை யார் கொண்டு வந்தார்? ஒரு பெயரும் கிடைக்கவில்லை. காற்றுத் திசை மாறும் வரை துறைமுகங்களில் மாதக் கணக்காகக் காத்துக்கிடந்த வணிகர்களும் கப்பலோட்டிகளும் பொழுது போகாமல் பலகையை விரித்திருக்கலாம். புலமை காட்ட வந்தவர்களாக அவர்கள் இருந்திருக்க வேண்டியதில்லை. எதிரே ஆடுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தவர்கள் அவர்கள்.

பல்லாங்குழியும் அப்படித்தான். வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசையில் பதினான்கு குழிகள். இங்கே மலாய்க்காரர்களின் சொங்காக் பலகையைப் பார்க்கிறோம். அதில் இரு முனைகளிலும் ‘ரூமா’, அதாவது வீடு என்று இரண்டு பெரிய குழிகள் கூடுதலாக இருக்கும். ஆப்பிரிக்கா வரையில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டங்கள் பரவிக் கிடக்கின்றன. புளியங்கொட்டை இல்லாவிட்டால் சோழி, சோழி இல்லாவிட்டால் ரப்பர்க் கொட்டை என்று கிடைத்ததைக் கொண்டு தோட்டத்துப் பெண்கள் இதை விடாமல் ஆடி வந்தார்கள்.

நான் முன்பு பணியாற்றிய தோட்டம் ஒன்றில் வயதான அம்மையார் ஒருவர் இருந்தார். பல்லாங்குழியில் எந்தக் குழியை எடுத்தால் கடைசி முத்து எங்கே போய் விழும் என்பதை எண்ணிப் பார்க்காமலே சொல்வார். குழியிலே முத்துகளை விரலால் கூடத் தொட மாட்டார். கண்ணால் ஒரு தடவை பார்ப்பார், அவ்வளவுதான். கணக்குப் பாடம் நடத்துகிற நான் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு சரிபார்த்திருக்கிறேன். பத்துக்கு ஒன்பது தடவை அவர் சொன்னது சரியாக இருந்தது. இவரை எந்த வகையில் சேர்ப்பது? திறமையைப் பார்த்தால் முனைந்து ஆடுபவர்களில் முதல் வரிசை. ஆனால் அவர் அந்த லயத்துக்கு வெளியே யாருடனும் ஆடியதில்லை. அடுத்த தோட்டத்தில் விதியே வேறாக இருக்கும். அவர் அறிந்தது எந்தத் தாளிலும் ஏறியதில்லை. ஆகவே வேறுபாடு திறமையில் மட்டும் இல்லை என்று தெரிகிறது. நான் சொல்லவருவது இதுதான்: கற்றதைச் சேமித்து வைக்கவும், அதை வெளியாரோடு மோதிப் பார்க்கவும் வழி கிடைத்த இடத்தில்தான் முனைந்து ஆடுபவர் என்னும் வகையே சரித்திரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது.

இதற்கு வங்காளத்திலிருந்து ஒரு சான்று. 1848ஆம் ஆண்டு வாக்கில் கல்கத்தா நகரத்துச் சதுரங்கச் சங்கத்தில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு வழக்கறிஞர் ஆடிவந்தார். அவரை வெல்ல அங்கே ஆள் இல்லை. கிராமப்புறத்தில் இதுவரை யாரிடமும் தோற்காத ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சங்க உறுப்பினர் ஒருவர் அவரைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். அவர்தான் மகேச சந்திர பானர்ஜி. அப்போது நம் நாட்டு விதிப்படிக் காலாள் முதல் நகர்வில் ஒரு கட்டம்தான் போகும். ஐரோப்பிய விதிப்படி இரண்டு கட்டம் பாயலாம். மகேச சந்திரர் புதிய விதியைக் கற்றுக்கொண்டார். ஆனால் கை பழைய பழக்கத்தை விடவில்லை. நடுக் கட்டங்களில் காலாட்களைக் கொண்டுபோய்க் குவிக்காமல், ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நகர்த்தித் தூரத்திலிருந்தே நடுவைத் தாக்கினார். காக்ரேன் அடிக்கடி வென்றார், சில வேளை தோற்றார். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. அந்த ஆட்டங்களை நகர்வு நகர்வாக எழுதி வைத்தார். நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் அப்படி நமக்குக் கிடைத்திருக்கின்றன. மகேச சந்திரர் கையாண்ட முறைக்கு ‘இந்தியத் தற்காப்பு’ என்று பெயர் ஏற்பட்டது. 1920களில் ஐரோப்பிய வல்லுநர்கள் இதே வழியை எடுத்து வளர்த்தார்கள். இன்று உலகப் போட்டிகளில் ஆடுகிறவர்களும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள்.

காக்ரேனின் பேனா இல்லாவிட்டால் மகேச சந்திரரும் நம் பல்லாங்குழி அம்மையாரைப் போல ஊருக்குள்ளேயே ஒரு பேச்சாக இருந்து மறைந்திருப்பார்.

எழுதுவதற்கு முன்னால் இன்னொன்று தேவைப்படுகிறது. எல்லாரும் ஒரே விதியில் ஆட வேண்டும். கேரத்தின் கதை இதை நன்றாக விளக்கும். நம் வீடுகளில் கேரம் எப்படி ஆடினார்கள்? ஒரு வீட்டில் கட்டை விரலால் அடிக்கலாம். அடுத்த வீட்டில் கூடாது. ஓரிடத்தில் சிவப்புக் காய்க்கு ஐந்து புள்ளி, இன்னோரிடத்தில் பத்து. பலகையை ஆசாரி செய்து கொடுத்த அளவுதான் அளவு. பவுடர் கிடைக்காவிட்டால் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவிக்கொள்வார்கள். வீட்டில் ஆடுவதற்கு இது போதும். ஆனால் சென்னைக்காரரும் கொழும்புக்காரரும் எதிரெதிரே உட்கார இது போதாது. இந்தியாவில் 1956இல் அகில இந்தியக் கேரம் சம்மேளனம் உருவாயிற்று. 1988இல் சென்னையில் அனைத்துலகக் கேரம் சம்மேளனம் தோன்றியது. விதிகளைத் தொகுத்து நிலைநிறுத்தியதில் பங்காரு பாபு என்பவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஓர் ஆட்டம் 25 புள்ளி அல்லது எட்டுப் பலகை. சிவப்புக்கு மூன்று புள்ளிதான். அதை எடுத்தவர் உடனே தம்முடைய காய் ஒன்றையும் போட்டு உறுதி செய்ய வேண்டும்.

அளவும் விதியும் நிலைபெற்ற பிறகு என்ன நடந்தது தெரியுமா? தெருவோரத்து ஆட்டம் என்று எண்ணப்பட்டதிலிருந்து உலக வெற்றியாளர்கள் வெளிவந்தார்கள். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக வெற்றியாளர் ஆனார். 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைக் கேரத்துக்காகப் பெற்றார். வடசென்னை வியாசர்பாடியில் மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள் இளவழகி 2008இல் பிரான்சு நாட்டில் உலகப் பட்டம் வென்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா மூன்று தங்கப் பதக்கம் பெற்றார். நம் அஞ்சடியில் இருந்த அதே பலகைதான். அந்தப் பிள்ளைகள் ஆடிய வீடுகளும் நம் லயங்களை விடப் பெரியவையாக இருந்திருக்கப் போவதில்லை.

ஆனால் முனைப்பு ஒன்று இருந்தால் போதும், மற்றவை தாமே வந்து சேரும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது ஏழைப் பிள்ளையின் தோல்விக்கு அவனையே குற்றவாளி ஆக்குவதாகும். மீர் சுல்தான் கானின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். பஞ்சாபில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். தந்தையிடம் நாட்டுச் சதுரங்கம் கற்றார். உமர் ஹயாத் கான் என்ற பெரிய நிலப்பிரபு அவரை ஆதரித்தார். 1928இல் அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் முதலாவதாக வந்தார். 1929இல் அந்தப் பிரபு லண்டனுக்குப் போனபோது அவரையும் உடன் அழைத்துப் போனார். ஐரோப்பிய விதிகள் அவருக்குப் புதியவை. தொடக்க நகர்வுகளைப் பற்றிய நூல்கள் எல்லாம் ஐரோப்பிய மொழிகளில் இருந்தன. அவற்றைப் படிக்க அவரால் இயலவில்லை. குளிரும் மலேரியாக் காய்ச்சலும் சேர்ந்து வாட்டின. அப்படியிருந்தும் அதே ஆண்டில் பிரிட்டிஷ் வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றார். மறுபடியும் 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பெற்றார். 1930ஆம் ஆண்டு இறுதியில் ஹேஸ்டிங்ஸ் நகரத்துப் போட்டியில், அதற்கு முன் உலக வெற்றியாளராக இருந்த கபபிளாங்காவையே வீழ்த்தினார். அதே பிரபுவின் வீட்டைச் சேர்ந்த பாத்திமா என்னும் பெண் 1933இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு என்ன ஆயிற்று? 1933 இறுதியில் பிரபு ஊருக்குத் திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். மறுபடி ஐரோப்பியப் போட்டிகளை அவர் பார்க்கவில்லை. ஊரில் நிலத்தில் வேளாண்மை செய்து வாழ்ந்து 1966இல் காலமானார். தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் கற்றுக்கொடுக்கவில்லை என்றும், வாழ்க்கைக்கு உதவும் வேறு ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார் என்றும் கூறப்படுகிறது. உலகின் முதல் வரிசையில் நின்ற மனிதரின் வாயிலிருந்து வந்த சொல் அது! அவரிடம் முனைப்பு குறைந்து போயிற்று என்று யாரேனும் சொல்ல முடியுமா? அவருடைய ஆட்டம் இன்னொருவருடைய பயணச் சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. துரை மாற்றலாகிப் போனால் தோட்டத்தின் போக்கே மாறிப்போவதைக் கண்ட நமக்கு இது எளிதில் விளங்கும். ஆயினும் அவர் ஆடிய ஆட்டங்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து வியந்தவர்களின் முயற்சியால், அவர் இறந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024இல் அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைக் கௌரவமாக வழங்கியது.

ஒரு பிரபுவின் தயவில் நிற்காமல் பல பேர் சேர்ந்து தாங்கினால் நிலைமை எப்படி மாறும் என்பதற்குச் சென்னையே சான்று. மானுவல் ஆரோன் என்பவர் 1935இல் பர்மாவில், தௌங்கு என்ற ஊரில் பிறந்தவர். நம்மைப் போலக் கடல் கடந்து போன குடும்பத்துப் பிள்ளை. தமிழ்நாட்டில் வளர்ந்து, 1961இல் இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டர் ஆனார். 1959 முதல் 1981 வரையிலான காலத்தில் ஒன்பது முறை தேசிய வெற்றியாளர். இவையெல்லாம் பெரிய சாதனைகள்தாம். எனினும் என் மதிப்பில் அவருடைய பெருந்தொண்டு வேறு. நாட்டு விதிகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களை அனைத்துலக விதிக்குக் கொண்டுவரவும், இளைஞர்கள் கூடி ஆட ஓர் இடம் அமையவும் அவர் பாடுபட்டார். 1972இல் சென்னைச் சோவியத் கலாசார மையத்தில் மிக்கைல் தால் சதுரங்க மன்றம் தொடங்கப்பட்டது. பலகைகளும் கடிகாரங்களும் சோவியத் நூல்களும் அங்கே கிடைத்தன. அங்கே விரைவு ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது: வென்றவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்; தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நம் அஞ்சடிக் கேரத்தின் வழக்கமும் இதுதானே! அந்த நாற்காலியை விட்டு எழாமல் உட்காரக் கற்றுக்கொண்ட சிறுவர்களில் ஒருவர் விசுவநாதன் ஆனந்த்.

ஆனந்துக்கு ஆறு வயதில் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா. தந்தையாரின் வேலை காரணமாக 1970களின் இறுதியில் குடும்பம் பிலிப்பீன்ஸ் நாட்டின் மணிலாவில் சில காலம் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகல் வேளையில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி. அந்த நேரத்தில் மகன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். தாயார் உட்கார்ந்து, அதில் காட்டும் ஆட்டங்களையும் புதிர்களையும் ஒன்று விடாமல் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடுவித்து, விடையை அஞ்சலில் அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். இப்படிப் பல வாரம் வென்ற பிறகு, வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே என்று நிலையத்தார் சொன்னதாக ஆனந்தே பின்னாளில் சிரித்துக்கொண்டு கூறியிருக்கிறார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் அவர். 2000இல் உலக வெற்றியாளர் ஆனவர். அந்த அம்மையார் உலகப் போட்டி ஆடியவர் அல்லர். வீட்டு வேலைக்கு நடுவே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தவர். பொழுதுக்கு ஆடுபவருக்கும் முனைந்து ஆடுபவருக்கும் நடுவில் எழுத்து மட்டும் இல்லை, பெரும்பாலும் ஒரு தாயோ தந்தையோ ஆசிரியரோ இருக்கிறார்கள். 2024 டிசம்பர் 12ஆம் நாள், நம் ஜொகூர் பாலத்தைக் கடந்தால் வருகிற சிங்கப்பூரில், பதினெட்டு வயதுச் சென்னை இளைஞர் குகேஷ் உலகப் பட்டத்தை வென்றாரே, அவருக்காகத் தந்தையார் மருத்துவத் தொழிலையே ஒதுக்கி வைத்துவிட்டு ஊர் ஊராக உடன் சென்றார். எல்லாக் குடும்பத்தாலும் அது முடிகிற காரியமா? நாளொன்றுக்கு இத்தனை வெள்ளி என்று கணக்கிட்டு வாழும் வீட்டில், வேலைக்குப் போகாத நாள் என்பது அடுப்பு எரியாத நாள் ஆகிவிடும். மன்றமும் நூலகமும் பள்ளிக்கூடமும் இருப்பதற்கான நியாயம் அங்கேதான் இருக்கிறது.

முனைப்புக்கு எல்லை உண்டா என்றும் கேட்கலாம். நம் மலேசியாவிலேயே அதற்கு விசித்திரமான உதாரணம் இருக்கிறது. ஸ்க்ரேபிள் என்ற சொல்லாட்டத்தை ஆங்கிலப் பாடத்தில் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம் அது. 2007இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் எதிர்த்து நின்ற இருவரும் மலேசியாவில் வாழ்ந்தவர்கள். ஒருவர் மலேசியரான கணேஷ் ஆசீர்வாதம். மற்றவர் நியூசிலாந்தில் பிறந்து நம் நாட்டில் வந்து குடியிருந்த நைஜல் ரிச்சர்ட்ஸ். இரண்டாமவர் மூன்றுக்குச் சுழியம் என்ற கணக்கில் வென்றார். இந்த ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு மொழி உலகப் போட்டியையும் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! சில வாரங்கள் அந்த மொழியின் சொற்பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பொருள் அறியாத சொற்களால் ஒரு மொழியின் புலவர்களை வெல்வது மொழிக்குச் செய்யும் மரியாதையா என்று தமிழ் கற்பிக்கிற எனக்கு ஓர் ஐயம் இருக்கத்தான் செய்கிறது. ஆட்டக்காரர் என்ற முறையில் அவரை வணங்கலாம். என் மாணவன் இப்படி அகராதியை விழுங்கினால், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்பேன்.

நேரம் குறைவாக இருக்கிறது. வீட்டில் சதுரங்கப் பலகை வைத்திருக்கும் பிள்ளைகளுக்காக, ஆட்டத்தை எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் காய்க்காரர் பக்கமிருந்து பார்க்கும்போது, இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று எட்டு எழுத்துகள். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எட்டு எண்கள். எழுத்தும் எண்ணும் சேர்ந்தது ஒரு கட்டத்தின் பெயர். வெள்ளை அரசனுக்கு முன்னால் நிற்கும் காலாள் இரண்டு கட்டம் பாய்ந்தால் அது ஈ-4. தாளின் இடப்பக்கம் வெள்ளையின் நகர்வு, வலப்பக்கம் கறுப்பின் நகர்வு. மேலே தேதியும் இருவர் பெயரும். கேரத்துக்கு இத்தகைய எழுத்து முறை கிடையாது. ஒவ்வொரு பலகையிலும் யார் தொடங்கினார், சிவப்பை யார் எடுத்தார், எத்தனை காய் மிஞ்சியது என்று குறித்தால் போதும். வீட்டில் பல்லாங்குழி ஆடத் தெரிந்த பாட்டிமார் இருந்தால் முதலில் விதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: குழிக்கு எத்தனை முத்து வைத்துத் தொடங்குவார்கள், எத்தனை சேர்ந்தால் ‘பசு’, பசுவை யார் எடுக்கலாம், வெறுங்குழி வந்தால் என்ன செய்வது, எந்த ஊரில் எந்தத் தோட்டத்தில் யாரிடம் கற்றது.